டீச்சரைக் கேளுங்கள்: பெருவிரல் போட்டால் போதுமா?

கேள்வி: ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் 22 பேருக்கு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். தினமும் 20 ஆங்கிலச் சொற்களைத் தமிழ்க் கருத்தோடு போடுகிறேன். எல்லாரும் பெருவிரல் போடுகிறார்கள். வகுப்பில் கேட்டால் முழிக்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, கொழும்பு 13

பதில்: தங்கச்சி, அந்தப் பெருவிரலை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் வீட்டோடு வகுப்பு எடுக்கிறேன். 'லெண்ட் – இரவல் கொடுத்தல், பொரோ – இரவல் வாங்குதல்' என்று போட்டதற்கு 14 பெருவிரல் விழுந்தது. அடுத்த நாளே ஒருத்தி, "டீச்சர், கென் யூ பொரோ மீ எ பென்?" என்று வந்து நிற்கிறாள்! நமக்கு இரண்டு பக்கமும் 'இரவல்'தானே, தடுமாறத்தான் செய்யும். பேனையைக் கொடுத்தேன். ஆனால் அன்றிரவு யாரிடம் எதை வாங்கினாள், யாருக்கு எதைக் கொடுத்தாள் என்று குழுவில் இரண்டு வசனம் குரல் பதிவாகப் போட வேண்டும் என்றேன். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து பிழை பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் மாற்றிச் சொன்னதில்லை.

இப்போது சொல் தேடுவதும் பிள்ளைகளின் வேலைதான். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிற பையன், முன் இருக்கைப் பக்கம் எழுதியிருந்த 'க்ளர்ஜி'யைப் படமெடுத்துப் போட்டான். மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கை. சின்ன வயதிலிருந்து பார்த்த எழுத்து, கருத்துத்தான் தெரியாது. (பக்கத்திலேயே தமிழிலும் இருந்தது என்பது வேறு கதை.)

இருபதை ஐந்தாக்குங்கள். அந்த ஐந்தையே மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த கிழமையும் கேளுங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி கழன்றுவிடும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும் என்று 1885இலேயே எழுதிவிட்டார். வட்ஸ்அப் வாக்கெடுப்பில் மட்டும் கேட்காதீர்கள். யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பின்னால் மொத்த வகுப்பும் போகும். பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

கேள்வி: 11 வயது மகள் ஆங்கிலம் படிக்க என்று டிக்டொக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: டிக்டொக்கின் விதிப்படியே 13 வயதாக வேண்டும். உங்கள் போனில் யூடியூப் போட்டு, ஆங்கில எழுத்துவரியை (சப்டைட்டில்) ஓடவிட்டு, பத்து நிமிடம் அவளோடு இருந்து பாருங்கள். சமையல் வீடியோ நல்லது. 'சொப்' (நறுக்குதல்), 'ஸ்டர்' (கிளறுதல்), 'சிமர்' (மெல்லிய நெருப்பில் கொதிக்கவிடுதல்) எல்லாம் கண்முன்னாலேயே நடக்கும், அகராதி தேவைப்படாது.