காய்ச்சல் இல்லாமலே இளைக்கும் பூனை

கேள்வி: எங்கள் சாம்பல் நிற ஆண் பூனைக்கு வயது 14 மாதம். மூன்று மாதமாக உடம்பு சரியில்லை. நான்கு நாள் நன்றாகத் தின்கிறான். பிறகு தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். எடை 4.1 கிலோவிலிருந்து 3.4 கிலோவாகிவிட்டது. முடி மங்கிவிட்டது. எந்நேரமும் படுத்தே கிடக்கிறான். எழுந்தால் பின்கட்டுச் சிமெண்ட் சுவரை நக்குகிறான். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தம் லேசாகக் குறைவு என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாட்டிக்கும் சத்து ஊசியும் போட்டார்கள். ஒரு வாரம் தேறுவான், மறுபடி அதே கதை. இப்போது ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். மாமியார் கண்ணேறு என்கிறார். செலவு தாங்கவில்லை. இன்னும் எத்தனை பரிசோதனை? வீட்டில் நான் என்ன செய்வது?
– வாசகி, டொங்காட், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய சிமெண்ட் சுவர்தான் என் கண்ணில் முதலில் பட்டது. ரத்தசோகை உள்ள பூனைகள் மண், சிமெண்ட், மலத்தட்டு மணல் என்று கண்டதையும் நக்கும். ஆகவே ‘லேசாகக் குறைவு’ என்ற அந்த ஒற்றை வரியை ஓரமாக ஒதுக்கக் கூடாது. ரத்தம் ஏன் குறைகிறது என்று இதுவரை யாரும் முழுதாகத் தேடவில்லை. பூனையைப் பார்க்காமல் எழுதுகிறேன். இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

நாய்க்கு வரும் பிலியரி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உண்ணி கடித்து, நாய் காய்ச்சலில் துவண்டு, ஈறு வெளுத்து விழும். பூனைக்கும் அதற்கு உறவான ஒரு நோய் உண்டு: பேபீசியா ஃபெலிஸ் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இது பெரும்பாலும் கடற்கரையோர நோய். டொங்காட் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பூனைகளைப் பிடிக்கிறது. நாயைப் போல் காய்ச்சல் வருவதில்லை என்பதுதான் ஏமாற்றும் இடம். மந்தம், பசியின்மை, இளைப்பு, மங்கிய முடி என்று மாதக்கணக்கில் இழுக்கும். பூனையும் ரத்தம் குறைந்த உடம்புக்கு ஏற்ப ஓடுவதையும் தாவுவதையும் குறைத்துக்கொண்டு சமாளித்துவிடும்; வீட்டார் கவனிக்கும்போது ரத்தம் பாதியாகியிருக்கும். காய்ச்சல் இல்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதையில் அது ஒரு துப்பு.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, நுண்ணோக்கி முன் பொறுமையாக உட்காரும் ஒருவர். எந்திரம் அச்சடித்துத் தரும் ரத்த எண்ணிக்கையில் ஒட்டுண்ணி தெரியாது. தகட்டிலும் தப்பிவிடலாம், அவ்வளவு சிறியது. தகட்டில் ஒன்றும் இல்லை, சந்தேகம் மட்டும் தீரவில்லை என்றால், ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இருப்பது உறுதியானால் பயன்படும் மருந்து பிரைமகுயின், மனிதர்களின் மலேரியா மாத்திரை. ஆன்டிபயாட்டிக்குகள் இதற்குப் போதா. ஆனால் பிரைமகுயினில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மருத்துவர் எடை பார்த்து அளந்து தரவேண்டிய மருந்து. மருந்துக்கடையில் வாங்கிப் பிட்டுக் கொடுக்கும் வேலையே கூடாது. வாந்தி வரும் என்பதால் சாப்பாட்டோடு தருவார்கள். நோய் திரும்பி வருவதும், மருந்தை மறுபடி தருவதும் வழக்கம்தான்.

அதே ரத்தத்தில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறதா என்பது ஒன்று. உண்டாக்கினால், ரத்தம் எங்கோ அழிகிறது அல்லது கசிகிறது. உண்டாக்கவில்லை என்றால் தேடல் வேறு பக்கம் திரும்பும். பூனை லுகேமியா வைரசும் பூனை எய்ட்ஸ் வைரசும் இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த வைரஸ் பரிசோதனை மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிவப்பணுமேல் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியும் பட்டியலில் உண்டு. அதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கும். மாத்திரையாகத் தந்தால் பின்னாலேயே தண்ணீரோ கொஞ்சம் உணவோ கொடுங்கள், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

வயிறு உப்பினாலோ, கண் நிறம் மாறினாலோ, ஆன்டிபயாட்டிக்குக்கு இறங்காத காய்ச்சல் வந்தாலோ, பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. என்ற நோய் பற்றிக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை மரணம் நிச்சயம் என்றிருந்த நோய். இப்போது பெரும்பாலும் 84 நாள் வைரஸ் எதிர்ப்பு மருந்தில் பல பூனைகள் பிழைக்கின்றன.

ஸ்டீராய்டு இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. பசி வரும், உற்சாகம் வரும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உள்ளே தொற்று இருந்தால் தலைதூக்கும்; நிணநீர்ப் புற்று இருந்தால் பின்னால் எடுக்கும் பரிசோதனையில் அது மறைந்துபோகும். காரணம் தெரிந்தபின் அதுவே தேவைப்படலாம், அது வேறு.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: அவன் என்ன சாப்பிடுகிறான்? நம் வீடுகளில் ஆட்டுக்கறிக் குழம்பும் மீன் குழம்பும் பிசைந்த சோறு பூனைக்குப் போவது சாதாரணம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது, தினம் கொஞ்சம் என்றாலும் சேதம் சேரும். இன்றே நிறுத்துங்கள். உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள் நீக்கிய ஷாட் மீனை வெதுவெதுப்பாக வையுங்கள்; மணத்துக்கே வருவான். மீன் மட்டும் முழு உணவாகாது, அவன் வழக்கமான பூனை உணவில் கலந்து கொடுங்கள்.

பனாடோ (பாராசிட்டமால்) ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே. மாமியார் கோவில் திருநீற்றை வாசற்படியில் பூசட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பூனை நக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

நாள் முழுதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள்தான் முதலில் படுத்துவிடுவீர்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போதும். மேலுதட்டைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பா, பழைய காகிதம் போலவா? தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டியே நின்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை கூடையில் வைத்து எடை. எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள், மருந்து ஆரம்பித்த நாளையும் சேர்த்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெள்ளையாகிவிட்டாலோ இரவென்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு நாள் முழுதும் தின்னவில்லை என்றால் தொலைபேசியில் பேசுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரல் கொழுப்பு சேர்ந்து கெடும்.

செலவுக்கு: “இந்த மாதம் என்னால் இவ்வளவு ராண்ட்தான் முடியும், எதை முதலில் பார்ப்பீர்கள்?” என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, அவர்களுக்கும் அது உதவி. இன்னொரு எக்ஸ்ரேயை விட ரத்தத் தகடும் வைரஸ் பரிசோதனையும் இப்போது பயன் தரும். அதற்கு மேல் போகவேண்டி வந்தால், பிரிட்டோரியாவின் ஆண்டர்ஸ்டெபோர்ட்டில் நாட்டின் ஒரே கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புத் துறை இருக்கிறது. நோயாளிப் பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். உங்கள் மருத்துவர் மாதிரிகளை அனுப்பலாம், ஆலோசனை கேட்கலாம்.

வைரஸ் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டுக்கு வேறு பூனை கொண்டுவராதீர்கள், இவனையும் வெளியே விடாதீர்கள். லுகேமியா இருந்தால் எச்சில் வழியாகவும் ஒரே தட்டின் வழியாகவும் மற்ற பூனைக்குப் போகும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றாது.