கீசர் தொட்டி அரித்துப் போகாமல் காப்பது எப்படி?

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீட்டில் கீசர் மூன்றே ஆண்டுகளில் ஒழுகத் தொடங்கிவிட்டது, அடுத்ததையாவது காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேமிப்பு வகைக் கீசரில் நீரைச் சூடாக்கும் காயில் (coil) பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உள்தொட்டி அரித்து ஓட்டையானால் பெரும்பாலும் புதிய கீசர்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த அரிப்பைத் தன்மீது ஏற்றுத் தொட்டியின் எஃகைக் காப்பதற்காகவே உள்ளே மெக்னீசிய ஆனோடு கம்பி பொருத்தப்பட்டிருக்கிறது. புதிதில் விரல் தடிமனில் இருக்கும் அது சிறிது சிறிதாகக் கரைந்து, நடுவிலுள்ள மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் எஞ்சும் நிலைக்கு வந்ததும், அரிப்பு தொட்டியின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே கடின நீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கொரு முறை அதைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். (சர்வீஸுக்கு வருபவர்கள் சிலர் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், கம்பியைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.)

அப்போதே காயிலில் படிந்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவையும் நீக்கச் சொல்லலாம். வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் வைத்தால் அந்தப் படிவு விரைவாகச் சேரும். நீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டுகள் வடிவது இயல்பே. ஒழுகுகிறது என்று எண்ணி அதை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.