லாந்த் காட்டு வழியே துலூஸ் வரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லுவார் நதிக்கரை சைக்கிள் பாதை பற்றித் தங்கள் தளத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே கோட்டையும் கூட்டமும் அதிகம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நானும் மனைவியும் ஜூலை கடைசியில் பிரான்ஸ் போகிறோம். காடும் வயலுமாகப் பத்து நாள் ஓட்ட ஆசை. போர்தோவுக்குத் தெற்கே லாந்த் காட்டைக் குறுக்கே கடந்து துலூஸ் போக ஒரு வழியைச் செயலி போட்டுக் கொடுத்திருக்கிறது. நாளுக்கு நூறு கி.மீ. என்று வைத்திருக்கிறோம். கூடாரமும் கேஸ் அடுப்பும் கொண்டுபோய், மனதுக்குப் பிடித்த இடத்தில் தங்கிச் சமைத்துக்கொள்வோம். இருவரும் சைவம். சைக்கிள் அங்கே வாடகைக்கு. இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை?

சரவணன், சென்னை

அன்புள்ள சரவணன்,

பகுதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மாதம், வழி, அடுப்பு மூன்றும்தான் இடிக்கின்றன.

முதலில் வழி. லாந்த் தானாக வளர்ந்த காடு அல்ல. ஒரு காலத்தில் நீர் தேங்கிக் கிடந்த மணல்வெளி; இடையர்கள் கட்டைக்கால் கட்டி நின்று ஆடு மேய்த்த இடம். 1857இல் வந்த சட்டம் அந்தப் பொதுநிலங்களுக்கு வடிகால் வெட்டிப் பைன் நடும்படி ஊர்களைக் கட்டாயப்படுத்தியது. இன்று ஏறக்குறைய பத்து லட்சம் ஹெக்டேர் காடு நிற்கிறது. அடியில் மட்டும் அதே மணல். செயலி உங்களுக்குப் போட்ட நேர்கோடுகளில் பாதிக்கு மேல் டி.எஃப்.சி.ஐ தடங்களாக இருக்கும். தீயணைப்பு வண்டி உள்ளே போவதற்காகக் காட்டுக்குள் வெட்டியவை அவை. மேப்பில் சாலை போலவே தெரியும். சுமை ஏற்றிய சைக்கிளோடு இறங்கினால் முன்சக்கரம் புதையும், ஹேண்டில் மடங்கும், பிறகு தள்ளல்தான். மணிக்கு நான்கு கி.மீ. போனால் பெரிது. பல தடங்கள் தனியார் நிலத்தில் வேறு ஓடுகின்றன. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே பட்டை என்றால் தார். வெளுத்த இரண்டு கோடும் நடுவே புல்லும் தெரிந்தால் மணல்; அந்தத் துண்டை வழியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அதற்குப் பதில் தார் போட்ட நல்ல பாதை ஒன்று இருக்கிறது. போர்தோவிலிருந்து ஆர்காஷோன் போகும் ரயிலில் ஏறி பிகானோஸில் இறங்கினால் பக்கத்திலேயே மியோஸ். அங்கிருந்து பஸாஸ் வரை, பழைய ரயில் தடத்தின் மேல் சுமார் 75 கி.மீ. சைக்கிள் பாதை. ரயில் போன தடம் என்பதால் ஏற்றமே உறைக்காது. பெலின்-பெலியே, ஓஸ்தென், சேன் சிம்ஃபோரியன், வில்லாந்த்ரோ என்று ஊர்கள் வரும். ஓஸ்தென் ஏரிகள் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கக் குழிகள், இப்போது குளிக்கலாம். வில்லாந்த்ரோவில் போப் ஐந்தாம் கிளெமென்ட் கட்டிய கோட்டை, கூரை போன நிலையில் நிற்கிறது. நடுநடுவே மரம் விலகி, மக்காச்சோளமும் கேரட்டும் விளையும் பெரிய வட்ட வயல்கள் வரும். சுழலும் நீர்த்தெளிப்பான் சில இடங்களில் பாதையையும் சேர்த்து நனைக்கும். வேகத்தைக் குறைத்தே போங்கள்.

இந்தப் பாதையின் குறை பைன் வேர்கள். தாரை அடியிலிருந்து தூக்கி, குறுக்கே விரல் தடிமனில் வரப்பு வரப்பாக வைத்திருக்கும். நிழலில் கண்ணுக்குத் தெரியாது. பின்சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் தெரியும். ஒரு நாள் முழுக்க இந்த உதறலில் ஓடினால் முதலில் கழல்வது கேரியரின் ஸ்குரூ. அது பெரும்பாலும் எம்5 அளவு, 4 மி.மீ. ஆலன் கீ போதும். தினமும் சாயங்காலம் நான்கையும் ஒரு திருகு திருகிப் பாருங்கள், இரண்டு உபரியும் கையில் இருக்கட்டும். அடுத்துப் போவது பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக். எல்லாச் சுமையையும் பின்னால் கட்டுவதுதான் காரணம். ஆளுக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர், அரிசி, கருவிகள் போன்ற கனமானவற்றை முன்பக்கப் பைகளில் தாழ்வாக வையுங்கள். டயர் 40 மி.மீ. அகலம் இருக்கட்டும். காற்று பின்னால் 3.5 பார், முன்னால் 3. உங்கள் கணக்கில் 51, 44 பிஎஸ்ஐ. ஊர்ச் சாலையைப் பாதை கடக்கும் இடங்களில் மரத்தடுப்புகள் மாற்றி மாற்றி நிற்கும். பக்கவாட்டுப் பையோடு நுழைந்தால் சிக்கும், இறங்கித் தள்ளுங்கள்.

இனி மாதம். ஜூலை கடைசி கூடாது. 2022இல் லாந்திராஸ் பகுதியில் ஜூலையில் பிடித்த தீ, அணைந்ததாக நினைத்த பிறகு ஆகஸ்டில் ஓஸ்தென் பக்கம் மீண்டும் கிளம்பியது. இரண்டும் சேர்ந்து 20,000 ஹெக்டேருக்கு மேல் கருகியது. நான் சொன்ன பாதையே அந்த எரிந்த நிலத்தின் ஊடாகத்தான் போகிறது. தீ அபாய எச்சரிக்கை உயர்ந்த நாட்களில் காட்டுக்குள் நுழையவே தடை போடுவார்கள்; காட்டுச் சைக்கிள் பாதையும் அதில் அடங்கலாம். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் அப்படிப் போனால் திட்டமே கவிழும். ஜூன் முதல் மூன்று வாரங்கள், அல்லது செப்டம்பர். மே மாதம் வேண்டாம் என்பேன்: 1, 8 தேதிகளோடு கிறிஸ்தவ விடுமுறைகளும் சேர்ந்து கடைகள் அடிக்கடி மூடிக் கிடக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பைனிலிருந்து புழுக்கள் வரிசையாக இறங்கி ஊரும். அவற்றின் ரோமம் தோலிலும் கண்ணிலும் பட்டால் கடுமையாக அரிக்கும். கிளையில் வெள்ளைப் பட்டுக் கூடு தெரிந்தால் அதன் அடியில் உட்காராதீர்கள். அக்டோபர், நவம்பரில் காட்டுப்புறா வேட்டை. தழை மூடிய மறைவுக் குடில் கண்ணில் பட்டால் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் நெருங்க வேண்டும்.

அடுப்பு விஷயம் சட்டம் சார்ந்தது. காட்டிலும், காட்டின் ஓரத்திலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நில உரிமையாளர் தவிர வேறு யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. கேஸ் அடுப்பும் நெருப்புதான். ஆகவே மனதுக்குப் பிடித்த இடத்தில் சமையல் என்பது லாந்தில் நடக்காது. காட்டில் பெரும்பகுதி தனியாருடையது; கூடாரம் போடவும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். பேரூர்களில் நகராட்சி நடத்தும் முகாம் திடல்கள் உண்டு, வெந்நீர்க் குளியலும் கிடைக்கும். அங்கே அடுப்பு பற்றவைக்கலாமா என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். 'அக்கேய் வேலோ' என்ற பலகை மாட்டிய விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் அடிப்படைக் கருவிகளும் இருக்கும்.

கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேதான் வாங்க வேண்டும். கிராமத்துக் கடைகளில் அதிகம் கிடைப்பது கேம்பிங்காஸ் கம்பெனியின் அழுத்தித் திருப்பும் வகை. திருகு மரை உள்ள அடுப்பு அதில் உட்காராது. ஒரு அடாப்டர் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் போர்தோவிலேயே பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் மரை வகை டப்பா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால் கேஸ் மிச்சம். மைசூர்ப் பருப்பை அங்கே பவழப் பருப்பு என்று சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள், கால் மணி நேரத்தில் குழையும். சாம்பார்ப் பொடி கொண்டுபோங்கள். நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருளை ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை.

நாளுக்கு நூறு கி.மீ. என்பதைப் பாதியாக்குங்கள். உங்கள் கால் தாங்காது என்பதற்காக அல்ல. பன்னிரண்டரை மணிக்குக் கடைச் ஷட்டர் இறங்கிவிடும் என்பதற்காக. கிராமத்து பேக்கரி காலை ஏழுக்குத் திறந்து பன்னிரண்டரை, ஒன்றுக்கு மூடும். திரும்பத் திறப்பது மூன்றரை, நான்குக்கு. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, பல ஊர்களில் அது திங்கள். உணவகத்தில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முடிந்துவிடும், அடுப்பு மீண்டும் எரிவது இரவு ஏழுக்கு. நூறு கி.மீ. ஓட்டுகிறவர் காட்டுக்கு நடுவே மூடிய கடை முன்னால் இரண்டு மணிக்கு வந்து நிற்பார். எட்டுக்கே ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போட்டுவிட்டால் அன்றைய நாள் உங்கள் கையில். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம்: செடிகளுக்கு ஊற்றுவதற்காகக் குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

சைவத்துக்குக் கடினமான சீமை இது. வாத்துக் கொழுப்புதான் இங்கே எண்ணெய். பேக்கரியில் முட்டை ஊற்றிச் சுடும் கீஷில் பன்றித் துணுக்கு இருக்கும், பருப்பு சாலடிலும் இருக்கும். 'சான் வியான்த்' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் மீன் வரும். 'நி வியான்த், நி புவாசோன், நி ழாம்போன்' (இறைச்சி, மீன், பன்றித்தொடை எதுவும் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

பஸாஸிலிருந்து டி என்ற எழுத்தோடு எண் போட்ட சிறிய மாவட்டச் சாலைகளில் 20 கி.மீ.க்குள் காஸ்தெட்ஸ். கரோன் கால்வாய் அங்கே தொடங்கி 193 கி.மீ. ஓடித் துலூஸ் சேருகிறது. கரையில் கிட்டத்தட்ட முழுக்கத் தார்ப்பாதை. வி80 என்ற சைக்கிள் பாதைப் பலகையைத் தொடர்ந்தால் போதும். தக்காளிக்குப் பெயர்போன மார்மாந்த், உலர் பிளம் விளையும் அஜேன், ஷாஸ்லா திராட்சை விளையும் முவாசாக் என்று பயிர் மாறிக்கொண்டே போகும். செப்டம்பரில் போனால் திராட்சையைத் தோட்டத்து வாசலிலேயே வாங்கலாம். அஜேனில் கால்வாய் 23 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் ஏறி ஆற்றையே தாண்டுகிறது. முவாசாக் மடத்து முற்றத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

அஜேனுக்குப் பிறகு கால்வாய் அலுக்கும், அதை மறைப்பானேன். நேர்கோடு, மரம், தண்ணீர், கோல்ஃபெக் அணுமின் நிலையத்தின் இரண்டு கோபுரங்கள். ஆகவே வழி நெடுக அவ்வப்போது கரையை விட்டு மேட்டு ஊர்களுக்கு ஏறுங்கள். அஜேனுக்கு முன்பே வரும் ல மா தஜனே தேவாலயத்தில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. ஓவிலாரில் வட்ட வடிவத் தானியச் சந்தை. மோந்தெக்கில், சரிவுக் கால்வாயின் இரு பக்கமும் ஓடி, படகை நீரோடு சேர்த்தே மேட்டில் ஏற்ற 1974இல் அமைத்த இயந்திரம் ஓய்வாக நிற்கிறது. பாலங்களின் அடியில் பாதை குறுகி வளையும், எதிரே வருபவர் தெரியமாட்டார். மணி அடித்துக்கொண்டே போங்கள், பக்கத்திலேயே தண்ணீர்.

துலூஸ் நெருங்கும்போது ஓதான் காற்று கிளம்பினால் தென்கிழக்கிலிருந்து முகத்தில் அறையும். சில நாள் தொடர்ந்தும் வீசும். முவாசாக்கிலிருந்து மீதமுள்ள 64 கி.மீ.யை இரண்டாகப் பிரிக்க ஒரு நாள் கையிருப்பில் இருக்கட்டும்.

வாடகை சைக்கிளில் ஒரு எச்சரிக்கை: அங்கே முன் பிரேக் இடது கையில். நம் பழக்கத்தில் இடதை அழுத்திப் பிடித்தால் ஹேண்டிலுக்கு மேலே பறப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் காலி இடத்தில் பழகுங்கள். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. காதில் ஹெட்போன் இருந்தால் 135 யூரோ அபராதம். இரவில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

துலூஸிலிருந்து போர்தோவுக்குத் திரும்பும் ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிய வேண்டும். ஒரு ரயிலில் சைக்கிளுக்குச் சில இடங்களே இருக்கும். ஆள் டிக்கெட் வாங்கிவிட்டு சைக்கிளுக்குத் தேடாதீர்கள், சைக்கிள் இடம் இருக்கும் ரயிலைப் பார்த்து அதற்கே ஆள் டிக்கெட் எடுங்கள்.