முகம் எரிகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை

வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் செல்லமாகக் 'கருவாயா' என்று கூப்பிட்ட பெயர், விடுதிக்கு வந்த பிறகு கேலிப் பெயராகிவிட்டது. சென்ற ஆண்டு அறைத்தோழன் சொன்ன ஒரு டியூபை மருந்துக் கடையில் வாங்கிப் பூசினேன். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்தது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறது. தாடிப் பகுதியில் கொப்புளங்கள் வருகின்றன. வெயிலில் நிற்க முடியவில்லை. 'பொம்பளை மாதிரி கிரீம் பூசுகிறான்' என்பார்களே என்று பயந்து டியூபைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆண்களுக்கும் இப்படி வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: வரும், தம்பி. உங்கள் வயதுப் பையன்கள் இதே சிவந்த முகத்தோடு என் அறைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பலர் முதலில் 'முகப்பரு' என்றே சொல்வார்கள். கிரீமைப் பற்றிய பேச்சு மெதுவாகத்தான் வெளியே வரும்.

அந்த டியூபின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, ஸ்டீராய்டு மருந்து. மோமெட்டசோனுடன் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகிய இரண்டும் கலந்த மருந்தைக் குறிப்பிட்ட சில கரும்படலங்களுக்கு, குறைந்த காலத்துக்கு மட்டும் நாங்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, நிறமி உண்டாவதையும் குறைப்பதால் முதல் சில வாரங்களில் முகம் தெளிந்ததுபோலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் விரிந்து வெளியே தெரியத் தொடங்கும். நிறுத்தும்போதெல்லாம் அதுவரை அடங்கியிருந்த அழற்சி சீறி எழும். நீங்கள் சொல்லும் எரிச்சல் அதுதான். அதைத் தணிக்க மறுபடியும் அதே டியூபைத் தேடும்போது இந்தச் சுழற்சி இறுகுகிறது. சவரம் செய்யும் தோலில் வேதனை இன்னும் அதிகம்.

டியூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் தோல் நோய்ப் பிரிவில் செலவில்லாமல் பார்ப்பார்கள். கிரீமை உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். அதுவரை எலுமிச்சைச் சாறு, பிளீச், வேறொரு 'வொயிட்னிங்' கிரீம் எதுவும் வேண்டாம். தோல் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். நடுவில் முகம் இன்னும் மோசமாகத் தெரியும் நாட்கள் வரும். அப்போது பழைய டியூபுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. சீட்டைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் உங்கள் நிலையில் பொறுப்பு உண்டு.

ஒளித்து வைத்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வியாபார வரலாறு இருக்கிறது. 1975-இல் பெண்களுக்கென்று ஃபேர் அண்டு லவ்லி வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்று ஃபேர் அண்டு ஹேண்ட்சம் என்ற கிரீமைக் கொண்டுவந்தது. பெண்களின் கிரீமைத் திருட்டுத்தனமாகப் பூசும் இளைஞனுக்கு வெட்கத்தை உண்டாக்கி, ஆணின் தோல் முரடானது, அதற்குத் தனிக் கிரீம் வேண்டும் என்று சொல்லி அது விற்கப்பட்டது. ஆணின் தோல் சற்றுத் தடிமனானது என்பது உண்மைதான். ஆனால் நிறம் தரும் மெலனினில் ஆண், பெண் என்று இரு வகை கிடையாது. கறுப்பாக இருப்பது குறை என்ற வெட்கத்தோடு, அதைப் போக்கப் பெண்ணைப்போல நடந்துகொள்கிறாய் என்ற வெட்கத்தையும் சேர்த்தே பையன்களின் தலையில் ஏற்றினார்கள். இந்த இரண்டாவது வெட்கம்தான் முகம் எரியும்போதும் உங்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது என்பதால், இரண்டில் அதையே நான் கொடியதாகக் கருதுகிறேன். அந்தக் கிரீமை 79 ரூபாய்க்கு வாங்கிப் பூசியும் பலன் இல்லை என்று தில்லியைச் சேர்ந்த ஒருவர் 2013-இல் தொடுத்த வழக்கில், விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று கூறிய நுகர்வோர் ஆணையம், நிறுவனம் சுமார் 15 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவிட்டது.

கேள்வி: என் மூத்த மகன் மாநிறம், இளையவன் கறுப்பு. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து இளையவன் இணையத்தில் பெயர் தெரியாத கிரீம்களை வரவழைக்கிறான். அடுத்து குளூட்டதயோன் ஊசி போட்டுக்கொள்ளப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. தோலை வெளுக்கச் செய்வதற்கென்று அந்த ஊசிக்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. நரம்பில் ஏற்றப்படும் மருந்தால் கடும் ஒவ்வாமை நேரலாம்.

பார்சலில் வரும் கிரீம்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது நிறமி உண்டாவதைத் தடுப்பதால் வேகமாக வெளுப்பைக் காட்டும். தோல் வழியே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் கசியும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது; அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். உங்கள் மகனுக்குக் காலில் வீக்கமோ, சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். இல்லாவிட்டாலும் ஒரு முறை செய்துவிடுவது நல்லது. தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பா எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு நிறமாக இருப்பது இயல்பு. நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமித் துகள்களின் அளவும் வகையும் வேறுபடுகின்றன. அதைத் தீர்மானிக்கும் பல மரபணுக்கள் பிள்ளைக்குப் பிள்ளை வேறு விதமாகச் சேர்கின்றன. உறவினர்கள் வரும்போது இருவரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடும் பேச்சு நடக்கிறதா என்று கவனியுங்கள். அதை அவன் முன்னிலையிலேயே நீங்கள் தடுத்துப் பேசுவது, தனியாக அழைத்துச் சொல்லும் ஆறுதலைவிட அவனுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: 'ஆம்பளைக்குக் கலர் எதற்கு?' என்று என் மாணவர்களுக்குத் தைரியம் சொல்கிறேன். இது சரியா?
- கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது, ஐயா. ஆனால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். ஆணுக்கு நிறம் தேவையில்லை என்னும்போது பெண்ணுக்குத் தேவை என்பதையும் சேர்த்தே வகுப்பில் உள்ள மாணவிகளுக்குச் சொல்கிறீர்கள். நிறத்துக்காக வருந்தும் பையனோ, தான் ஆண்மை குறைந்தவன் என்று எண்ணி மேலும் வாய் மூடிக்கொள்வான். அவன் வருத்தத்துக்குக் காரணமும் இருக்கிறது. திரையில் கறுத்த நாயகர்கள் கொண்டாடப்படும் இதே ஊரில்தான் நிறத்தை வைத்துச் சாதியை ஊகிப்பதும், கறுத்த மாணவனை முதலில் சந்தேகிப்பதும் நடக்கின்றன.

கல்லூரி நாடகத்தில் அடியாள் வேடம் வழக்கமாக யாருக்குப் போகிறது, வரவேற்பு மேசையில் யாரை நிற்க வைக்கிறீர்கள் என்று இந்த ஆண்டு கவனித்து மாற்றுங்கள். நிறத்தை வைத்து வைக்கும் பட்டப்பெயர்களையும் ராகிங் என்றே விடுதிக் காப்பாளர் நடத்த வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் செய்த திருத்தம் நிறத்தைக் காரணமாக்கி இழிவுபடுத்துவதையும் உள்ளடக்குகிறது. அடுத்த மருத்துவ முகாமுக்கு ஒரு தோல் மருத்துவரை அழைத்து, மாணவர்கள் தனித்தனியாக, கதவை மூடிக்கொண்டு பேச ஓர் அறை ஒதுக்கிக் கொடுங்கள். கையிலிருக்கும் டியூபையும் கொண்டுவரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.