பேரேடு ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம்

கேள்வி: காரைக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 11 வருஷக் கல்யாணப் படங்கள், ஆசைக்கு எடுத்த செட்டிநாட்டு வீட்டு முகப்பு, வளவு (உள்முற்றம்), ஆத்தங்குடித் தரைக்கல் படங்கள் எல்லாம் லைட்ரூம் கிளாசிக் என்ற அடோபியின் படத் திருத்த மென்பொருளில் இருக்கின்றன. இப்போது புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். "புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிட்டா போதும்ணே" என்கிறார் கடைத் தம்பி. நம்பலாமா? செய்த திருத்தமெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஸ்டூடியோக்காரர், காரைக்குடி

பதில்: தம்பி சொன்னதைக் கேட்காதீர்கள். அப்படிக் காப்பி பண்ணினால் லைட்ரூம் ஓடாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அடோபி சந்தா ஒன்றை இரண்டு மெஷினில் வைத்துக்கொள்ளலாம், அதனால் பழையதில் இப்போதே லாக் அவுட் செய்ய அவசரமில்லை.

விஷயம் கேட்லாக்கில்தான் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரருக்குப் பேரேடு என்றால் விளக்க வேண்டியதில்லை. கேட்லாக் என்பது அதுதான். எந்தப் படம் எந்த இடத்தில் கிடக்கிறது, எவ்வளவு வெளிச்சம் கூட்டினீர்கள், எங்கே வெட்டினீர்கள், எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும், ஆனால் சரக்கு, அதாவது படம், அதற்குள் இல்லை. படத்தை மட்டும் கொண்டுபோனால் திருத்தம் வராது. பேரேட்டை மட்டும் கொண்டுபோனால் குட்டிப் படங்கள் தெரியும், வேலை செய்யப் போனால் படத்தைக் காணோம் என்று சொல்லும்.

முதலில் லைட்ரூமை மூடுங்கள். திறந்து வைத்தபடி காப்பி எடுத்தால் பாதி எழுதிய கணக்குதான் வந்து சேரும். எல்ஆர்கேட் (.lrcat) என்று முடியும் கேட்லாக் கோப்போடு, எல்ஆர்கேட்-டேட்டா என்று முடியும் ஒன்றும் பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்துவது) விவரங்கள் அதில்தான் இருக்கின்றன. குட்டிப் படங்கள் இருக்கும் பிரிவியூஸ் ஃபோல்டர் பெரிதாக இருக்கும், விட்டாலும் பாதகமில்லை, லைட்ரூமே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். காப்பிக்கு வாங்கும் டிஸ்க்கின் ஃபார்மட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக இருக்கட்டும்.

படங்கள் வெளி டிஸ்க்கில் இருந்தால் பழைய மெஷினில் அதற்கு என்ன எழுத்து இருந்தது, இ-யா எஃப்-பா என்று குறித்துக்கொண்டு, புதிதில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதே எழுத்தைக் கொடுங்கள். பேரேட்டில் எழுதிய முகவரி அப்படியே பொருந்திவிடும். பொருந்தாமல் ஃபோல்டரில் கேள்விக்குறி வந்தாலும் பதறி மறுபடி இம்போர்ட் பண்ணிவிடாதீர்கள் (நான் ஒரு தடவை பண்ணி, ஒவ்வொரு படமும் இரண்டாகி, ஒரு வாரம் அழுதேன்). மேல் ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து இடத்தைக் காட்டினால் போதும், உள்ளே இருப்பவை தானாகச் சேர்ந்துகொள்ளும்.

புது வெர்ஷன் கேட்லாக்கை மேம்படுத்திவிட்டால் பழைய வெர்ஷனில் அது திறக்காது. அப்புறம் பழைய மெஷினில் உட்கார்ந்து "இந்த ஒரு ஆல்பத்தை மட்டும்" என்று முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு பேரேடு ஆகிவிடும்.

போட்டோஷாப்பும் வைத்திருப்பீர்கள். சேமித்து வைத்த பிரஷ், ஆக்‌ஷன்களை எடிட் மெனுவில் பிரிசெட்ஸ் வழியாக எக்ஸ்போர்ட் செய்யலாம். எழுத்துருதான் ஆளைக் கவிழ்க்கும். ஆல்பத்தில் பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில் பெயர் போட்டிருந்தால், அது புதிதில் இல்லாதபோது, பெயரைத் திருத்தப் போனால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் மட்டும் தேடாதீர்கள், இரட்டைக் கிளிக்கில் நிறுவியவை உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கலாம்.

பழைய மெஷினை ஒரு முகூர்த்த சீசன் முடியும்வரை ஃபார்மட் பண்ணாதீர்கள்.