அமெரிக்கப் படையினருக்குக் கைரோபிராக்டிக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்கத் தரைப்படையில் பணிபுரியும் என் மருமகனுக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை) இலவசமாகக் கிடைக்கிறது. என் மகளுக்கு மறுக்கிறார்களே, ஏன்?

பதில்: அச்சேவை பணியிலுள்ள படையினருக்கு மட்டுமே உரியது, அதுவும் அதற்கெனக் குறிக்கப்பட்ட படை மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும்தான் கிடைக்கும். குடும்பத்தினருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் டிரைகேர் எனும் படைத்துறை மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தருவதில்லை. மருத்துவர் தேவையெனக் கருதும் பிசியோதெரபிக்கு அக்காப்பீடு உண்டு என்பதால், உங்கள் மகள் முதலில் அதைக் கேட்டுப் பெறலாம்.

கேள்வி: முன்னாள் படைவீரர்களின் நிலை என்ன?

பதில்: அவர்களுடைய நிலை மேல். முன்னாள் படைவீரர் நலத்துறை இச்சேவையை அளிக்க வேண்டுமென்ற சட்டம் 2002 ஜனவரியில் கையொப்பமாகி, 2004இல் அத்துறையின் மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்தது பாதி மருத்துவ மையங்களில் 2021 முடிவுக்குள் இது இருக்க வேண்டுமென 2018ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. முதலில் பொது மருத்துவரின் பரிந்துரை வேண்டும். வெளியிலுள்ள கைரோபிராக்டரிடம் செல்வதாயின் துறையின் முன் அனுமதியைப் பெறாமல் போகாதீர்கள். கட்டணம் உங்கள் தலையில் விழக்கூடும்.

கேள்வி: உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: இடுப்புவலிக்கு ஓரளவு உண்டு. பெதஸ்டாவிலுள்ள வால்டர் ரீட் உள்ளிட்ட மூன்று படை மருத்துவமனைகளில் 750 படையினரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்துடன் கைரோபிராக்டிக்கும் பெற்றவர்களுக்கு ஆறு வாரங்களில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. பத்துப் புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு புள்ளிதான். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிகளுக்கே தெரிந்திருந்ததால், கூடுதல் கவனிப்பும் நம்பிக்கையும் அளித்த பங்கை இதிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆயினும் வலிமாத்திரைகளை, குறிப்பாக அபின்வகை மருந்துகளைக் குறைக்க விரும்பும் படைவீரருக்கு இந்தச் சிறு பலனும் பொருட்படுத்தத்தக்கதே என்பது என் கருத்து. நெட்டி முறியும் ஓசையைக் குணத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: கழுத்தைத் திருப்புவது ஆபத்தா?

பதில்: அரிதாக, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன, திடீரெனத் தோன்றிய கடுமையான கழுத்துவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் கழுத்தைத் தொடவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். எலும்பு வலுவிழக்கும் எலும்புப்புரை நோய் முற்றியவர்கள், எலும்பு முறிவோ எலும்பில் புற்றுநோயோ உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கால் மரத்துச் சிறுநீர் கழிக்க முடியாமற் போனால், அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கும் இது உதவுமாமே?

பதில்: அதற்குத் தக்க சான்று இல்லை. இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.