ரெண்டு நாளில் காலி செய்யச் சொல்கிறார் வீட்டு ஓனர்... என்ன செய்வது?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஒரு லைன் வீட்டின் மாடியில் நண்பர்கள் நாலு பேர் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறோம். போன வாரம் ஒருவனுக்குப் பிறந்தநாள். ராத்திரி 12 மணிக்குக் கேக் வெட்டி, ஸ்பீக்கரில் பாட்டு வைத்து, வாசலில் ஒரு சரம் பட்டாசும் வெடித்தோம். எதிர்வீட்டுக்காரர் 100-க்குப் போன் செய்துவிட்டார். போலீஸ் வந்து எச்சரித்தது. மறுநாள் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஓனர் ரெண்டு நாளில் காலி செய்யச் சொல்கிறார். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் போடுவதில்லை. 40,000 ரூபாய் அட்வான்ஸ் கிடையாது என்கிறார். மாரியம்மன் நோம்பிக்கு இதே தெருவில் நடுராத்திரி வரை மைக் செட் ஓடியது, அப்போது யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? கேம்பஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இது தடையாகுமா?

பதில்: தம்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கடைசிக் கேள்விதான் என்று தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த கடிதம் வழக்கு ஆகாது. எதிர்வீட்டுக்காரர் எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) போட்டிருப்பார்கள். அதுவும் எஃப்.ஐ.ஆர். அல்ல. பொதுத்தொல்லைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292வது பிரிவில் உள்ள தண்டனை 1,000 ரூபாய் வரை அபராதம். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் அதில் விசாரணையே நடத்த முடியாது. அதனால் பாஸ்போர்ட்டை நினைத்துப் பயப்படாதீர்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று ஞாபகப்படுத்தி ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டாவது முறை அதே ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தால் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அடுத்து ஓனர். அவர் செய்வது தவறு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரரை வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். வாய்வார்த்தையில் ரெண்டு நாள் கெடு வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மோட்டாரை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 20வது பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு வாங்க வழி உண்டு. அட்வான்ஸும் அவருடைய பணம் அல்ல, உங்கள் பணம். வாடகை பாக்கி, உண்மையான சேதம் இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாக வேண்டும். பிறந்தநாளுக்குத் தண்டனையாக அதைப் பிடித்து வைக்க முடியாது.

இதுவரை சட்டம் உங்கள் பக்கம். அந்த ராத்திரி விஷயத்தில் அது எதிர்வீட்டுக்காரர் பக்கம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 டெசிபல்தான் வரம்பு. 45 என்பது நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சைவிடவும் குறைவான சத்தம், அவ்வளவுதான். ராத்திரி நேரத்தில் சத்தம் எழுப்பும் பட்டாசுக்குத் தனியாகவே தடை இருக்கிறது. நோம்பி மைக் செட்டைக் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். கோயில், கலை விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், ராத்திரி 10 முதல் 12 வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு தளர்வு தரலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. பிறந்தநாளுக்கு அப்படி எதுவும் இல்லை. நோம்பியிலும் 12 மணி தாண்டினால் அது மீறல்தான். உங்களுக்கும் புகார் செய்யும் உரிமை உண்டு.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எட்டு மாதம் குடியிருக்கும் தெருவில் எதிர்வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார், கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் தெருவைத் தாண்டி வந்து கதவைத் தட்டாமல் 100-ஐ அழுத்தியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தட்டினால் யார் வருவார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அவர்களுக்குக் காலை பதினொரு மணிதான் நடுராத்திரி. என்னிடம் வரும் இப்படிப்பட்ட சண்டைகளில் புகாரில் எழுதியிருப்பது பாட்டுச் சத்தமாக இருக்கும். உட்கார்ந்து பேசினால் உள்ளே வேறு இருக்கும்: கேட்டை மறித்து நிறுத்திய பைக், நாலு பசங்க குளித்துக் காலியாகும் உப்புத்தண்ணித் தொட்டி, வாரம் ஒருக்கா வரும் நல்ல தண்ணிக்கு யார் குடம் முதலில் என்ற வாக்குவாதம், குப்பை வண்டி வரும் நேரத்தில் தூங்கிவிட்டு வாசலில் விட்டுப்போகும் மூட்டை.

இதில் சட்டமும் உண்டு. வாடகை வீட்டைப் பொதுத்தொல்லை தரும் விதமாகப் பயன்படுத்துவது வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகும். நாளைக்கு ஓனர் முறைப்படி நோட்டீஸ் அனுப்பி வாடகை நீதிமன்றம் போனால் அங்கே சாட்சி சொல்லப்போவது யார்? கீழ் வீட்டாரும் எதிர்வீட்டாரும்தான்.

ஆகவே இன்று சாயங்காலமே நாலு பேரும் இறங்கிப் போங்கள். முதலில் எதிர்வீடு. "அன்னைக்கு ராத்திரி தப்பு எங்க மேலதாங்க. இனி சத்தம் கேட்டா எங்களுக்கு ஒரு போன் போடுங்க, உடனே நிறுத்திடறோம்" என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். நோம்பிக் கதையை அங்கே எடுக்காதீர்கள். அடுத்து கீழ் வீடு. மோட்டார் எப்போது போடலாம், பைக் எங்கே நிறுத்தலாம் என்று அவர்களையே கேளுங்கள். அதன் பிறகு அவர்களில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓனரிடம் போங்கள். ஊரிலிருந்து அப்பாவையோ மாமாவையோ வரச் சொன்னால் இன்னும் நல்லது. நம் பக்கத்தில் ஓனர்கள் பசங்களிடம் காட்டும் கோபத்தை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுவதில்லை.

அப்படியும் மோட்டார் ஓடவில்லையென்றால் தயங்க வேண்டாம். வாடகை ஒப்பந்த நகல், மாதாமாதம் வாடகை அனுப்பிய ஜிபே பதிவுகள், அட்வான்ஸ் கொடுத்த அத்தாட்சி, தண்ணீர் இல்லாத நாட்களின் தேதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உங்கள் ஒப்பந்தம் அவரிடம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகவும் வேண்டும் என்பது சட்டம். இந்த மாத வாடகையை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். வாடகை பாக்கி என்றால் ஓனர் கை ஓங்கிவிடும். வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாதென்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிவைப்பார்கள்.